பத்தாயிரத்து ஏழு பேருக்குத் தண்ணீர்

காலையிலிருந்து செவ்வாய்க் குடியிருப்பில் ஒரு குழாயிலும் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. பங்கீட்டு அதிகாரி மரகதவல்லி ‘சமனி’ முன்னால் நின்று தலையில் அடித்துக்கொண்டாள். தண்ணீருக்காக நடந்த அடிதடி போதும் போதும் என்றாகி, ஊரே கூடி நிறுவிய இயந்திரம் அது. மொத்த மக்களையும் சம ஆள் கொண்ட குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு தொட்டி நிரப்பும். குழுவில் எட்டுப் பேருக்குக் குறையக் கூடாது, முப்பதைத் தாண்டவும் கூடாது. ஓர் ஆள் மிஞ்சினாலும் மதகு திறக்காது.

நேற்றுவரை பத்தாயிரத்து எட்டுப் பேர். இருபத்துநான்கு பேராக நானூற்றுப் பதினேழு குழு, கச்சிதம். சாயங்காலம் ஒரு புண்ணியவான் பூமிக்குக் கப்பலேறித் தொலைத்தான். 10,007 பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் மீதியின்றி வகுபடாது.

“ஏம்மா, ஒரு வாய் காபிக்குக் கூடவா வழியில்லை?” என்று எகிறினார் குடியிருப்போர் சங்கத் தலைவர் சந்தானகோபாலன்.

“லோகாம்பாளுக்கு வலி எடுத்திருச்சு சார். குழந்தை பிறந்துட்டா பழையபடி பத்தாயிரத்து எட்டு. கொஞ்சம் பொறுங்க.”

“அவ பெத்தாத்தான் எங்களுக்குத் தண்ணியா?”

“வேற வழி இருந்தா நீங்களே சொல்லுங்க!”

மதியம் மருத்துவமனையிலிருந்து செவிலி ஃபர்சானா கூப்பிட்டாள். “அக்கா, ஆண் குழந்தை!” மதகு உறுமித் திறந்தது. வெளியே ஒரே விசில். தொட்டியின் அடிகூட நனைந்திருக்காது, மறுபடி அழைப்பு. “அக்கா... இன்னொண்ணும் பிறந்திருச்சு. பொண்ணு.”

மதகு மூடிக்கொண்டது. 10,009. அதுவும் பகா எண்! இப்படி இரண்டு தள்ளி ஜோடியாக வருபவற்றை இரட்டைப் பகா எண்கள் என்பார்கள். அதில் ஓர் அழகு உண்டு என்று கல்லூரியில் மரகதவல்லிக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அழகாம் அழகு!

“பிள்ளைகளைத் துடைக்கக்கூடத் தண்ணி இல்லைக்கா,” என்றாள் ஃபர்சானா.

‘என் தலையெழுத்து’ என்று முனகிக்கொண்டே மரகதவல்லி, தன் பங்கு வேண்டாம் என்பவர்களுக்காக வைத்து இதுவரை யாரும் தொடாத ‘பங்கு துறப்பு’ப் பலகையில் கட்டைவிரலை அழுத்தித் தன் பெயரை நீக்கினாள். பத்தாயிரத்து எட்டு. எல்லாத் தொட்டிகளும் நிரம்பின.

ஐயோ பாவம், நமக்காகத் தன் பங்கையே விட்டுவிட்டாளே என்று ஊரே உருகியது. ஆளாளுக்கு ஒரு டம்ளர் கொண்டுவந்து ஊற்றினார்கள். இருட்டுவதற்குள் அவள் வீட்டில் இருந்த குடமெல்லாம் நிரம்பி, அண்டாவும் நிரம்பியது. ஒரு வருஷத்துக்குப் பிறகு தலைக்குக் குளித்தாள்.

மறுநாள் அலுவலக வாசலில் நீண்ட வரிசை. நன்றி சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

“ஊரிலேயே உனக்குத்தான் அதிகத் தண்ணி. இது நியாயமா?” என்றார் முதலில் நின்ற சந்தானகோபாலன். “என் பேரையும் எடுத்துடு.”

“எல்லாரும் விட்டுட்டா உங்களுக்கு யார் சார் ஊத்துவா?”

“அது மத்தவங்க பாடு. நீ பலகையைக் காட்டு.”

அவருக்குப் பின்னால் அத்தனை பேரும் கட்டைவிரலைத் தயாராக நீட்டிக்கொண்டு நின்றார்கள். கத்தினாள், கெஞ்சினாள், ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாயங்காலம் பட்டியலில் மிஞ்சியவை, விரல் வைக்கத் தெரியாத அந்த இரண்டு பச்சைக் குழந்தைகளின் பெயர்கள் மட்டும்தான்.

இரண்டு என்பதும் பகா எண்தான்; போதாததற்கு எட்டுக்கும் குறைவு. சமனி மதகை மூடியது.