சுகம் என்று சொன்னவள்

காலையில் சாப்பிடக் கூடாது. கூந்தலில் ஊசி கூடாது, இடுப்பில் நாடா கூடாது. ஒரகடம் கார்த் தொழிற்சாலையில் இருக்கைச் சுவைஞர்களுக்கு இவை எழுதாத சட்டங்கள். அமுதினி பன்னிரண்டு வருஷமாக வெறும் வயிற்றோடும் வெறுங்காலோடும்தான் சோதனைக் கூடத்துக்குள் நுழைகிறாள்.

2091இல் கார் வாங்குகிறவர்கள் யாரும் எஞ்சினைப் பற்றிக் கேட்பதில்லை. எல்லாச் சொகுசுக் கார்களும் அறுநூறு கிலோமீட்டர் வேகத்தில் பறந்தன. ஓட்டுவதைச் சாலையே பார்த்துக்கொண்டது. மிச்சமிருந்தது ஒரே கேள்வி. உட்கார்ந்தால் எப்படி இருக்கிறது?

அதற்குப் பதில் அமுதினியின் முதுகு. அவள் உட்கார்ந்ததும் இருக்கைக்குள்ளிருக்கும் நரம்புப்பதிவி விழித்துக்கொள்ளும். “முள்” என்பாள், பஞ்சு இளகும். “பாரம்” என்பாள், சாய்மானம் தாழும். கடைசியில் “சுகம்” என்பாள். அந்த நொடியில் அவள் நரம்பு எப்படி இருந்ததோ, அதையே அந்த மாடலின் ஒவ்வோர் இருக்கையும் உட்காருகிறவர் உடம்பில் ஏற்றிவிடும். அவள் சுகம்தான் எல்லோருக்கும் சுகம்.

போன ஐப்பசியில் குளிக்கும்போது, வெந்நீர் முதுகில் சுடவில்லை. தொடையிலும் சுடவில்லை. நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர். வெளியே சொன்னால் வேலை போகும். வேலையோடு கம்பெனி கொடுத்த வீடும் போகும். அமுதினி சொல்லவில்லை.

‘வெண்முகில்’ மாடலில் உட்கார்ந்தாள். ஒன்றுமே தெரியவில்லை. பழக்கத்தில் இரண்டு தடவை “முள்” என்றாள், ஒரு தடவை “பாரம்” என்றாள். கால் மணி நேரம் கழித்து “சுகம்” என்றாள்.

மூன்று மாதத்தில், முன்பதிவிலேயே வெண்முகில் மற்ற எல்லாக் கார்களையும் ஓரங்கட்டியது. முதல் கார் ஒப்படைப்பு நாளன்று, சாவி கொடுக்க அமுதினியையே அழைத்தார்கள். வாங்குகிறவர் செல்வின், கப்பல் கம்பெனி முதலாளி. நான்கு வயது மகளோடு வந்திருந்தார்.

“மூணு கார்ல உட்காந்து பாத்தேன்மா. இதுல உட்காந்தா எழுந்திருக்கவே மனசு வரல” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சாய்ந்தார். கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

வரவேற்பில் கொடுத்த தேநீர்க் கோப்பை அவர் கையில் சரிந்தது. ஆவி பறக்கும் தேநீர் அவர் தொடையில் வழிந்தது. அவர் அசையவில்லை.

அமுதினி மேலாளர் ரெங்கராஜனை ஓரமாக இழுத்துப்போய், ஐப்பசியிலிருந்து நடந்த எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். இதை நிறுத்துங்கள் என்று கெஞ்சினாள்.

அவர் நிதானமாகக் கேட்டார். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார்.

“தெரியும்மா. பதிவுல கோடு நேரா வந்த அன்னிக்கே தெரியும்.”

“அப்ப ஏன் சார் விட்டீங்க?”

“மத்த சுவைஞர்ங்க வலியக் கொறைப்பாங்க. நீங்க ஒண்ணுமே இல்லாம ஆக்கிட்டீங்க. ஜனங்க அதத்தான் கேக்கறாங்க.” குரலைத் தாழ்த்தினார். “வீட்டப் பத்திக் கவலப்படாதீங்க. அடுத்த மாடலுக்கும் நீங்கதான்.”

அமுதினி திரும்பிப் பார்த்தாள். குழந்தை மறு கதவு வழியாக ஏறி, அப்பாவின் மடியில் உட்கார்ந்துகொண்டிருந்தது. அவர் தொடையில் கிள்ளியது. மறுபடி அழுத்திக் கிள்ளியது.

செல்வின் கண் திறக்காமலே புன்னகைத்தார்.

“கிளம்பலாம். பாப்பா எங்க? கூட்டிட்டு வாங்க.”