குடத்தில் ஓலை இல்லை

காலை ஆறு மணிக்குக் குடவோலை விழும். மேட்டுநகர் மருத்துவமனை வாசலில் அதற்குள் பத்துப் பதினைந்து பேர் மூச்சிரைக்க உட்கார்ந்திருப்பார்கள். உப்புப்புழுதி நுரையீரலைத் தின்ற காலம் அது. அதைக் கழுவியெடுக்கும் காற்றறை ஊருக்கு ஒன்றே ஒன்று. நாளுக்கு ஓர் ஆள். ஒருமுறை போய்வந்தால் பிழைத்தார். யார் போவதென்று மனிதர் முடிவு செய்தால் வெட்டுக்குத்து வருமென்று, குலுக்கிப் போடும் வேலையைக் கணினியிடம் விட்டிருந்தார்கள்.

லூர்துசாமிக்கு நாற்பத்தோரு நாளாக விழவில்லை.

“குடுத்து வச்சது அவ்வளவுதான் கயலு,” என்று மனைவியிடம் சிரிப்பார். கடல் கொண்ட கரையிலிருந்து வந்த எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். வீட்டையும் வலையையும் தண்ணீருக்குக் கொடுத்தவர்களுக்கு விதியைத் திட்டுவது புதிதா என்ன? செபஸ்தியம்மாள் இதே வாசலில் மகனைப் பறிகொடுத்தாள். அவளும் விதியைத்தான் திட்டினாள்.

கயற்கண்ணிக்கு மனம் ஒப்பவில்லை. ஊர்க் கணினிகளை ஓட்டும் இயங்குதளத்தின் கருநிரலை, அதாவது கெர்னலை, பராமரிப்பது அவள் வேலை. பழைய குலுக்கல் பதிவுகளை எடுத்து ஒவ்வொன்றாகப் படித்தாள். எல்லா நாளும் வென்றவர், காத்திருந்தவர்களில் குடியெண் மிகக் குறைந்தவர். உள்ளூர்க்காரர்களுக்கு முதல் எண்கள். கடைசியில் வந்த கடலோரத்தாருக்குக் கடைசி எண்கள். புதிதாக ஓர் உள்ளூர் நோயாளி வந்தாலே போதும், அவர்கள் பின்னுக்குப் போனார்கள்.

கருநிரலைத் திறந்தாள். குலுக்கலுக்கான சமவாய்ப்பு எண்ணைத் தரும் நிரல்கூறு அங்கே இல்லை. வேண்டுமானால் பூட்டலாம், வேண்டாமென்றால் கழற்றலாம் என்று மூன்றாண்டுகளுக்கு முன் அதைத் தனியாகப் பிரித்தவள் அவளேதான். சின்னக் கருவிகளுக்குச் சுமை குறைந்தது என்று சால்வை போட்டுப் பாராட்டினார்கள். கழற்றிய பின் மற்ற நிரல்கள் திக்கி நிற்கக் கூடாதே என்று ஒரு வரியும் எழுதியிருந்தாள்: கூறு இல்லையென்றால் பூச்சியம் கொடு. மின்சாரம் மிச்சம் பிடிக்க மருத்துவமனையில் யாரோ கழற்றிவிட்டார்கள். கணினிக்குப் பூச்சியம் என்றால் பட்டியலின் முதல் ஆள். மூன்றாண்டுகளாக அங்கே குலுக்கலே நடக்கவில்லை.

அன்று மாலையே கூறைப் பூட்டினாள். மறுநாள் காலை குடவோலைக்கு முன் வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.

“அப்ப எம்புள்ளையக் கொண்டுபோனது விதியில்ல, நீதானா?” என்று மட்டும் கேட்டாள் செபஸ்தியம்மாள்.

ஆறு மணிக்குத் திரையில் எண் விழுந்தது. லூர்துசாமியின் எண்.

வாசலே திரும்பி அவளைப் பார்த்தது.

“நெசமாத்தாங்க விழுந்திருக்கு. எழுந்திரிங்க,” என்று கணவரின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“எனக்குத் தெரியும்டி. இவங்களுக்கு?” அவர் மூச்சு வாங்கினார். “இன்னிக்கு நான் உள்ள போனா, இந்தக் குடத்த இனிமே எவன் நம்புவான்? மறுபடி போடச் சொல்லு.”

அத்தனை பேர் முன்னால் அவர் காலைப் பிடித்து அழுதாள். அவர் அசைந்து கொடுக்கவில்லை. மறுபடி போட்டார்கள், வேறோர் எண் விழுந்தது.

அடுத்த நான்கு நாளும் குடவோலை நேர்மையாகவே விழுந்தது. கடலோரத்தார் இருவர் உள்ளே போய்ப் பிழைத்து வந்தார்கள். லூர்துசாமிக்கு விழவில்லை. ஐந்தாம் நாள் மதியம் அவர் மூச்சு நின்றது. பட்டியலிலிருந்து அவர் எண்ணை நீக்க யாரை அனுப்பலாம் என்று தயங்கினார்கள். கயற்கண்ணியே எழுந்துபோய் நீக்கினாள்.