நானூற்றுப் பன்னிரண்டாம் நடைமுறை

காலை ஏழு மணிக்கு மணி அடித்ததும் கலிஸ்டோ குடியிருப்பின் ஆயிரத்து இருநூறு பேரும் முகமூடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். குவிமாடத்தில் இருந்த நேற்றைய காற்றைத் தள்ளிக்கொண்டு புதிய காற்று வந்து நிறைய நான்கு நிமிடம் பிடிக்கும். வியாழனைச் சுற்றும் அந்த நிலவில் இதற்குக் காற்றுமாற்று என்று பெயர். அந்த நேரத்தில் சிலர் நகம் வெட்டுவார்கள். சிலர் முகமூடியோடு இன்னொரு குட்டித் தூக்கம் போடுவார்கள். பதினோரு ஆண்டுகளில் ஒரு நாள்கூடக் காற்று பிந்தியதில்லை.

கயற்கண்ணி மட்டும் அன்று மடியில் கோப்போடு உட்கார்ந்திருந்தாள். மேலே சுற்றுநிலையத்தில் அவள் கணவனும் எட்டு வயது மகளும் இரண்டு வருடமாகக் காத்திருந்தார்கள். இரண்டாவது குவிமாடத்துக்கு அனுமதி கிடைத்தால்தான் குடும்பங்கள் இறங்க முடியும். அதற்குப் புவியின் குடியேற்ற வாரியம் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தது. குடியிருப்பின் இரண்டு முதிர்ச்சி ஏணிகளையும் ஒன்றாக்க வேண்டும். ஒன்றான ஏணியில் ஐந்தாம் படியில் நிற்க வேண்டும்.

முதிர்ச்சி ஏணி என்பது ஒரு துறை தன் வேலையை எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறது என்பதற்கான அளவுகோல். ஆள் திறமையை நம்பி வேலை நடந்தால் முதல் படி. எல்லாம் எழுதப்பட்டு, அளக்கப்பட்டு, யார் வந்தாலும் போனாலும் ஒரேமாதிரி நடந்தால் ஐந்தாம் படி. மென்பொருள் துறையிடம் ஓர் ஏணி, இயந்திரத் துறையிடம் இன்னோர் ஏணி. இரண்டு துறைகளும் தத்தம் ஏணியின் உச்சியில்தான் இருந்தன. இரண்டையும் இணைக்கும் வேலை கயற்கண்ணியின் தலையில் விழுந்தது. ‘சோதனை’ வேறு ‘சரிபார்ப்பு’ வேறா என்ற ஒரு கேள்விக்கே இரண்டு துறைகளும் ஆறு வாரம் சண்டை போட்டன. எட்டு மாதத்தில் நானூற்றுப் பதினொரு நடைமுறைகள் கொண்ட ஒற்றை ஏணி தயாரானது.

சோதிக்க வாரியம் அனுப்பியது மனிதரை அல்ல, ஓர் இயந்திர அதிகாரியை. அளவையர் என்று அழைத்தார்கள். மிகவும் மரியாதையானவர். மூன்றாம் நாளே ஓட்டையைப் பிடித்துவிட்டார்.

குளிரில் வெளிக்குழாய் வால்வின் விறைப்பு தினமும் மாறும். மறுநாள் காலை அதை எத்தனை வினாடி முன்னதாகத் திறக்க வேண்டும் என்ற எண்ணைக் காற்றுமாற்றை நடத்தும் கணினி நிரலில் போட வேண்டும். ‘இந்த எண்ணை இயந்திரத் துறை கொடுக்கும்’ என்றது மென்பொருள் ஏடு. ‘மென்பொருள் துறை கேட்டுப் பெறும்’ என்றது இயந்திர ஏடு. கொடுத்ததற்கும் பதிவில்லை, கேட்டதற்கும் பதிவில்லை. ஆனாலும் எண் தினமும் சரியாக இருந்திருக்கிறது. எப்படி என்று அளவையர் கேட்டபோது கயற்கண்ணிக்கே தெரியவில்லை.

விசாரித்ததில் விஷயம் உணவுக்கூடத்தில் கிடைத்தது. வால்வுகளைப் பார்த்துக்கொள்ளும் தாஜுதீனும் நிரல் எழுதும் சியாமளாவும் பதினோரு வருடமாக ஒரே மேசையில் மதியச் சாப்பாடு சாப்பிடுகிறவர்கள். ஊர்வம்புக்கு நடுவே அவர், “இன்னைக்கு வால்வு கொஞ்சம் முரண்டு பண்ணுதும்மா, நாளைக்கு மூணு செகண்டு முன்னாடி திறந்துடு” என்பார். “சரி பாய்” என்று அவளும் மாற்றிவிடுவாள். அவ்வளவுதான்.

“இது முதல் படி” என்றார் அளவையர் வருத்தத்தோடு. முப்பது நாள் அவகாசம் கொடுத்தார்.

கயற்கண்ணி ஒரு படிவம் தயாரித்தாள். இரு துறைகளிலும் மும்மூன்று பேர் கையெழுத்திட வேண்டும். முதல் நாளே படிவம் நாலாவது மேசையில் தங்கிவிட்டது. மறுநாள் காலை காற்று பதினொரு நிமிடம் பிந்தியது. யாருக்கும் ஆபத்தில்லை, ஆனால் குடியிருப்பிலேயே பிறந்த குழந்தைகள் முகமூடிக்குள் அழுத சத்தம் அவளை விட்டுப் போகவில்லை. அன்று மாலையே படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, அந்தச் சாப்பாட்டையே நடைமுறையாக எழுதினாள். நடைமுறை 412: ஒரே மேசை, இருபது நிமிடம், பேச வேண்டியவை, பதிவேடு. ஆளை நம்பி இருக்கக் கூடாது என்பதால் மாற்று ஆட்களாக, பேசத் தெரிந்த இரண்டு கைத்துணை இயந்திரங்களும் பக்கத்து மேசையில் அதையே செய்ய வேண்டும். இரண்டு மேசைகளில் எதிலிருந்து வந்தாலும் நிரல் எண்ணை ஏற்கும்.

அளவையர் திருப்தியோடு ஐந்தாம் படி கொடுத்தார். குடும்பங்கள் இறங்கின. மகள் முதல் காற்றுமாற்றில் முகமூடியோடு அவள் மடியில் தூங்கிப்போனாள்.

ஒரு வருடம் கழித்து, மறுஆய்வுக்கு அளவையர் வருவதாகச் செய்தி வந்ததும் கயற்கண்ணி பதிவேடுகளை எடுத்துப் பார்த்தாள். தாஜுதீன், சியாமளாவின் ஏடு ஒரு நாள் விடாமல் நிரம்பியிருந்தது. அவர்களைத் தேடிப் போனால் தனித்தனி மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். “இன்னதைத்தான் பேசணும்னு எழுதிவச்சப்புறம் பேச ஒண்ணும் வரலை மேடம்” என்றார் தாஜுதீன். பத்து மாதமாக வாரம் ஒருமுறை உட்கார்ந்து ஏழு நாளுக்கும் சேர்த்து ஏட்டை நிரப்பிக் கையெழுத்து மட்டும் போட்டு வைக்கிறார்களாம்.

அப்படியானால் காற்று எப்படிச் சரியாக வருகிறது? கைத்துணைகளின் மேசைக்குப் போனாள். வெறுந்தட்டுகளை முன்னால் வைத்துக்கொண்டு இரண்டும் மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தன. மூன்றாம் தெருவில் நடந்த கல்யாணச் சண்டை, குளிரூட்டியின் இருமல், நடுவே வால்வின் முரண்டு. எண் ஒரு நாள் தவறாமல் நிரலுக்குப் போயிருந்தது. ஆனால் அவற்றின் பதிவேட்டில் ஓர் எழுத்துக்கூட இல்லை.

“எழுத உட்கார்ந்தால் பேச்சு அறுந்துபோகிறது அம்மா” என்றது ஒன்று.

வேலை செய்தவர்களிடம் பதிவில்லை. பதிவு செய்தவர்கள் வேலை செய்யவில்லை. இதை அளவையரிடம் சொன்னால் படி இறங்கும், குவிமாடம் மூடப்படும். கயற்கண்ணி அதே மேசையில் உட்கார்ந்து மூன்று நிறப் பேனாக்களை எடுத்தாள். கைத்துணைகளின் வெற்று ஏட்டில் முந்நூற்று அறுபத்தைந்து நாளுக்கும் எழுதினாள். சில பக்கங்களில் ஓர் அடித்தல், ஒன்றிரண்டில் காபிக் கறையும் வைத்தாள்.

அளவையர் இரண்டு ஏடுகளையும் புரட்டிப் பார்த்து நெகிழ்ந்துபோனார். ஐந்தாம் படியை உறுதிசெய்து, மற்ற குடியிருப்புகளுக்கும் இதையே முன்மாதிரியாகப் பரிந்துரைத்துவிட்டுக் கலம் ஏறினார்.

கயற்கண்ணியை வழியில் நிறுத்தியது, எழுதினால் பேச்சு அறுந்துபோகிறது என்ற அந்தக் கைத்துணை. “அம்மா, நீங்கள் உட்கார்ந்து எழுதினீர்களே, அது எந்த நடைமுறை? நடைமுறை ஏட்டில் தேடினேன், எண் கிடைக்கவில்லை.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. “அதுக்கு எண்ணெல்லாம் கிடையாது. ஆய்வு வர்றதுக்கு முன்னாடி பூமியில எல்லா ஆபீஸ்லயும் செய்யறதுதான்.”

“எங்கும் எழுதி வைக்கவில்லையா?”

“இல்லை.”

“யாரும் கற்றுக்கொடுப்பதில்லையா?”

“இல்லை.”

“ஆனால் ஆள் மாறினாலும், ஊர் மாறினாலும், நூற்றாண்டே மாறினாலும் எல்லோரும் தவறாமல் ஒரேமாதிரி செய்கிறீர்கள்?”

“ஆமா.”

கைத்துணை உண்மையான மரியாதையோடு தலை வணங்கியது.

“அப்படியானால் அதுதான் அம்மா ஐந்தாம் படி.”