காதால் கேட்டால்தான் உறுதி

ஹப்புத்தளையைத் தாண்டி ஹல்துமுல்லைக்கு இறங்கும் வளைவுகளில் பஸ் ஆடிய ஆட்டத்தில், பாக்கியலெட்சுமியின் வயிறு புரட்டிக்கொண்டு வந்தது. பதுளையில் தாதியர் பயிற்சியில் இருப்பவள், லீவுக்குத் தேயிலைத் தோட்டத்து வீட்டுக்குப் போகிறாள். வெளியே மழை... சன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தவித்தாள்.

பக்கத்தில் இருந்தவன் சட்டென்று எழுந்தான். தன் சன்னலோர இடத்தை அவளுக்குக் கொடுத்தான். குமட்டலுக்கு முகர, கையில் ஒரு தோடம்பழத்தையும் திணித்தான். அதோடு சும்மா இருந்திருக்கலாம்... இருந்தானா?

"டைவரண்ணே! மெதுவா ஓட்டுங்க. புள்ளத்தாச்சி இருக்காங்க!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கல்யாணமாகாத பெண்ணுக்கு எப்படி இருக்கும்? குமட்டல் போன இடம் தெரியவில்லை.

"யாருங்க புள்ளத்தாச்சி?"

அவன் முகம் வெளுத்தது. "இல்லங்க... வாந்தி, தலச்சுத்து... அதான்..."

"அதெல்லாம் அனுமான அறிகுறிங்க! பித்தத்துக்கும் வரும், பஸ்ஸு வளைவுக்கும் வரும். அத வச்சு ஒருத்திய முடிவு கட்டிடுவீங்களா?"

"அப்ப எத வச்சுங்க முடிவு கட்டுறது, டீச்சர்?" கண்ணில் குறும்பு எட்டிப் பார்த்தது. அடர்ந்த இமைகள்... மழையில் நனைந்த மாதிரி மினுங்கும் கண்கள். ச்சே, இதையெல்லாம் ஏன் பார்க்கிறேன் என்று தன்னையே கடிந்துகொண்டாள். ஆனாலும் படித்த பாடம் நாக்கில் அரித்தது.

"வயித்தத் தொட்டுப் பாத்து, சோதன பண்ணிப் பாத்தாலும், இருக்கலாம்னுதான் சொல்லணும். வெளிய இருந்து குழாய வச்சுப் புள்ளையோட இதயத்துடிப்பக் காதால கேக்கணும். அப்பதான் உறுதி."

"உள்ள புள்ள அசையுறது தாய்க்குத் தெரியுமேங்க?"

"அவ உணர்ந்தா அதுவும் அனுமானந்தான். இன்னொருத்தருக்குக் கேக்கணும்."

"அடேங்கப்பா... வெவரமான பாடந்தான்" என்றான் அவன். முருகையா என்று பெயர் சொன்னான். பதுளை பஜாரில் மஹ்ரூப் நானாவின் புடவைக்கடையில் வேலையாம். இறங்கும்போது தோடம்பழத்தைத் திருப்பிக் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

அப்புறம் என்ன, பதுளையில் அவளுக்கு ரிப்பன் அடிக்கடி தேவைப்பட்டது. ஊசி தேவைப்பட்டது. நூலும் தேவைப்பட்டது. ஒருநாள் கடையில் கூட்டம் குறைந்த நேரம் பார்த்து, துணியை அளந்துகொண்டே கேட்டான்.

"நெஞ்சு படபடங்குது... சோறு எறங்கல... கண்ண மூடுனா ஒரு மொகம். இது எந்த அறிகுறிங்க?"

"அனுமானந்தான்."

"உங்களுக்கும் அப்பிடி இருந்தா?"

அவள் துணியைக்கூட வாங்காமல் ஓடி வந்துவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள். கண்ணாடி முன் நின்று சொல்லியும் பார்த்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பஜாரில் அவனைப் பார்த்தாள். ஏழு மாத வயிற்றோடு இருந்த ஒருத்தியின் கையைப் பிடித்துப் பாதை கடக்கவிட்டான். வளையல் கடையில் நின்று, அவள் கைநிறையக் கண்ணாடி வளையல்களைப் போடவைத்து அழகு பார்த்தான். மாங்காய் வாங்கிக் கொடுத்தான். பாக்கியத்துக்குக் காது அடைத்தது. பெண்டாட்டியை வைத்துக்கொண்டா என்னிடம்...

அதற்குப் பிறகு கடைப்பக்கம் போகவில்லை. அவனே ஒருநாள் விடுதிப் பாதையில் வந்து நின்றான்.

"நான் என்னங்க தப்புப் பண்ணேன்? அதையாவது சொல்லிட்டுப் போங்க."

"உங்க வழியப் பாத்துப் போங்க" என்றாள். ஒரு கேள்வி கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேட்க வீம்பு விடவில்லை. அவன் திரும்பிப் போனான்.

இரண்டு மாதம் போனது. ஒரு பிற்பகல், பிரசவ வார்டில் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் வயிற்றில் மரக்குழாயை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள் பாக்கியம். துடிப்பு தெளிவாகக் கேட்டது. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தவள் குழாயை எடுக்க மறந்தாள். அவளேதான்... அதே கண்ணாடி வளையல்கள்!

"வளையலக் கழட்டச் சொல்லாதீங்க மிஸ்ஸி" என்றாள் வேலாயி என்ற அந்தப் பெண். "தாய்வீட்டு வளையலு. தம்பி முருகையா கூட்டிப்போய் வாங்கிப் போட்டுச்சு. ஒரேயடியா இந்தியாவுக்குப் போகப் பாஸ்போட்டு வந்து கெடந்துச்சு, போகவா வேணாமான்னே இருந்தவன். என்னமோ திடீர்னு மனசு விட்டுப்போச்சுன்னு, போறேன்னு கையெழுத்துப் போட்டுட்டான். நாளைக்குக் காலையில ரயிலு. அம்மாவோட போறான்..."

வளைகாப்புக்கு வளையல் போடுவது பிறந்த வீடு. லயத்து வரிசை வீடுகளில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். அவளும் லயத்தில் பிறந்து வளர்ந்தவள்தானே! வயிற்றையும் மாங்காயையும் பார்த்து அவனைப் புருஷனாக்கிவிட்டாள். பஸ்ஸில் அவனுக்கு அவ்வளவு பாடம் எடுத்தவள்... பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு அழுதாள்.

மறுநாள் பதுளை ஸ்டேஷன் முழுக்க ஒப்பாரி. இந்தியாவுக்குப் போகிறவர்களைப் பிடித்துக்கொண்டு இருக்கிறவர்கள் கதறினார்கள். தகரப்பெட்டிகளுக்கு நடுவே அவனைத் தேடி ஓடினாள். ரயில் பெட்டி வாசலில் நின்றிருந்தான்.

"பஜாருல பாத்துட்டு வேலாயிய உங்க சம்சாரம்னு நெனச்சிட்டேங்க... கேக்காமலே முடிவு கட்டிட்டேன்..."

அவன் மெல்லச் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

"அன்னைக்கே கேட்டிருக்கலாமேங்க. எனக்குன்னு இங்க யாரும் இல்லன்னுதான் கையெழுத்துப் போட்டேன். இப்ப அம்மாவத் தனியா எப்பிடி அனுப்புறது?"

ரயில் நகர்ந்தது. அவளும் கூடவே நடந்தாள்... ஓடினாள். உள்ளுக்குள் இத்தனை நாளாய் உணர்ந்ததெல்லாம் கணக்கில் சேராது. இன்னொருவர் காதில் விழ வேண்டும்.

"எனக்கு ஒங்கள ரொம்பப் புடிக்குங்க!" என்று கத்தினாள். "அந்தப் பஸ்ஸுல இருந்தே!"

ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. இந்தத் தடவை அவளுக்கு வெட்கமாக இல்லை.

புகைக்குள் மறைவதற்குள் அவன் காதில் கையை வைத்துக் காட்டினான்.

"கேட்டுச்சுங்க!" என்றான். "நல்லாக் கேட்டுச்சு..."