பொறுப்புமானி காட்டிய பூஜ்யம்

"யாரும் தொடாதீங்க! தொட்டா பங்கு ஏறிடும்!" என்று தெருவே கூடி நின்று கத்தியது.

செங்கமலத்துக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தெருவையே தூக்கிப்போட்டு மிதிக்கலாம் போலிருந்தது. விடிவதற்குள் புயல் கரையைக் கடந்துவிட்டது. போகிற போக்கில் வேலியோரத் தூங்குமூஞ்சி மரத்தை வேரோடு பிடுங்கி, அவளுடைய மாட்டுக்கொட்டகை மேல் போட்டுவிட்டுப் போயிருந்தது. சரிந்த கூரைக்கு அடியில் அவளுடைய பசு செவலை சிக்கிக்கொண்டு கதறியது. கிளைகளின் இடுக்கில் ஒரு கொம்பும் மிரண்ட கண்ணும் தெரிந்தன. பக்கத்து வீட்டு ஆரோக்கியதாஸ் கையில் அரிவாளோடு வேலிக்கு அந்தப் பக்கம் தேர் பார்க்க வந்தவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, அரிவாளை வச்சுக்கிட்டு என்ன பண்றீங்க? ஒரு கிளையையாவது கழிச்சு விடுங்களேன்!"

"கழிக்கலாம் தங்கச்சி. கழிக்கிறப்ப மரம் உருண்டு மாடு செத்துப்போச்சுன்னா அது என் கணக்குல ஏறுமே? மானி சொல்லட்டும், அப்புறம் பாப்போம்."

மானி என்று அவர் சொன்னது தெருமுனைக் கம்பத்தில் இருந்த பொறுப்புமானியை. தெருவுக்கு ஒன்று உண்டு. எங்கே எது உடைந்தாலும், எது விழுந்தாலும், மண்ணில் புதைத்த உணரிகளையும் கம்பங்களில் இருக்கும் கண்களையும் கேட்டு, காரணத்துக்குக் காரணம் என்று பின்னோக்கித் துழாவி, யாருக்கு நூற்றில் எத்தனை பங்கு பொறுப்பு என்று சொல்லிவிடும். அது வந்தபின் வேலிச்சண்டை, வாய்க்கால் சண்டை எல்லாம் ஒழிந்தது என்னவோ உண்மைதான். வக்கீல்கள் பிழைப்புக்கு வேறு வழி பார்த்துக்கொண்டார்கள். ஆனால் கை வைத்தவனுக்குப் பங்கு ஏறும் என்று தெரிந்ததும், ஜனங்கள் எதிலும் கை வைப்பதை விட்டுவிட்டார்கள். சைக்கிளிலிருந்து விழுந்தவனைத் தூக்கிவிடக்கூட ஆள் இல்லை.

கம்பத்திலிருந்து குரல் வந்தது. அவசரமே இல்லாத குரல்.

"மரம் விழுந்ததற்கான பங்கு. சாய்ந்த மரத்தைக் கழிக்காமல் விட்ட ஆரோக்கியதாசுக்கு முப்பத்தொன்பது. கொட்டகை கழுவிய நீரை வேரடியில் விட்டு மண்ணை இளக்கிய செங்கமலத்துக்கு நாற்பத்தாறு. மீதி, வேரை நறுக்கிச் சாலை போட்டவர்களுக்கு."

"எனக்கா? அவரு மரத்துக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?" என்று செங்கமலம் கத்தினாள்.

"என் மரமா?" ஆரோக்கியதாசும் எகிறினார். "வேரு பூரா உங்க பக்கம்தானே ஓடுது!"

"ஆங்! காய் பொறுக்கி உங்க ஆட்டுக்குப் போட்டப்ப மட்டும் உங்க மரம். விழுந்தா என் மரமா? நல்லா இருக்கு நியாயம்!"

மரம் அறுக்கும் அறுப்பூர்தி தெருமுனையில் தயாராகத்தான் நின்றது. ஆனால் பாதிக்கு மேல் பங்குள்ள முதற்பொறுப்பாளி ஒருவர் பெயர் இல்லாமல் அது நகராது. இங்கே யாருக்கும் பாதி இல்லை. எவராவது மீதிப் பங்கைத் தாமாக ஏற்றுக்கொண்டால் வேலை தொடங்கும் என்றது மானி.

செங்கமலம் ஆரோக்கியதாசைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஞாயித்துக்கெழமை பொண்ணு பாக்க வர்றாங்க தங்கச்சி. பாதிக்கு மேல பங்கு ஏறின வீடுன்னு தெரிஞ்சா வாசப்படி மிதிப்பாங்களா? நீயே ஏத்துக்கயேன்."

அவள் ஏற்றுக்கொள்ளலாம். சட்டம்தான் குறுக்கே நின்றது. ஒரு உயிருக்கு வந்த ஆபத்தில் பாதிக்கு மேல் பங்கு யாருக்கோ, அவரிடம் அந்த உயிரை விட்டுவைக்கக் கூடாது. குழந்தையானாலும் சரி, கோழியானாலும் சரி. கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. செங்கமலமே ஒரு காலத்தில் கைதட்டி வரவேற்ற சட்டம். இப்போது பங்கை ஏற்றால் செவலை கைவிட்டுப் போய்விடும். ஏற்காவிட்டால் செத்துவிடும். புருஷன் போனபின் அந்த வீட்டில் அவள் குரலுக்குத் திரும்பிப் பார்க்கிற ஒரே ஜீவன் அதுதான். எந்தப் புத்திசாலி உட்கார்ந்து எழுதினானோ இந்தச் சட்டத்தை, அவன் கையில் கிடைத்தால் சாணி கரைத்து ஊற்றுவாள்.

கூரை விட்டம் முறிகிற சத்தம் கேட்டது. செவலையின் கதறல் சட்டென்று நின்றது.

செங்கமலம் ஓடினாள். கம்பத்தில் இருந்த கைத்தகட்டில் உள்ளங்கையை அறைந்தாள்.

"என் பேர்ல போடு! மிச்சம் மீதி எல்லாத்தையும் என் பேர்லயே போடு!"

"பசுவை இழப்பீர்கள். உறுதிதானா?"

"வெட்டித் தொலை சனியனே! கேள்வி வேற கேக்குது!"

அறுப்பூர்தி வந்தது. அத்தனை பெரிய மரத்தைக் கத்தரிக்காய் நறுக்குவதுபோல நறுக்கித் தள்ளியது. கழுத்துக் கயிறு பின்னால் இழுபட, விலாவில் சிராய்ப்போடு, செவலை தானாகவே எழுந்து தெருவுக்கு வந்தது. செங்கமலம் அதன் நெற்றியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"விலகி நில்லுங்கள்" என்றது மானி. "தொடர்ந்து தொட்டால் பசு மாவட்டப் பட்டிக்கு அனுப்பப்படும்."

பட்டிக்குப் போன மாடு திரும்பி வந்து யாரும் பார்த்ததில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தன் கேட்டுக்கு உள்ளே போய் நின்றாள்.

"இத்தெருவில் மிகக் குறைந்த பங்குள்ளவரிடம் பசு ஒப்படைக்கப்படுகிறது. குலசேகரன். பங்கு, பூஜ்யம்."

கூடி நின்றவர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தொடாதே என்று கத்தியவர்களுக்குக்கூட அந்தக் கத்தலுக்காக அரையும் காலும் ஏறியிருந்தது. குலசேகரன் எதிர் மாடி வீட்டுக்காரர். பசு கதறியது அவருடைய ஜன்னலுக்கு நேர் எதிரேதான். அவர் ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எட்டிப் பார்க்கவில்லை, வாய் திறக்கவில்லை. மானியின் கணக்குப்படி அந்தத் தெருவிலேயே ஓர் உயிரை நம்பி ஒப்படைக்கத் தகுந்த மனிதர் அவர் ஒருவர்தான்.

அவர் இறங்கி வந்தார். தரையில் கிடந்த கயிற்றைப் பார்த்தார். பிறகு கம்பத்தைப் பார்த்தார்.

"ஏங்க, இதை நான் பிடிச்சா எனக்குப் பங்கு ஏறுமா?"

"பிடித்த நொடியிலிருந்து ஏறும்."

குலசேகரன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "பத்து வருஷமா பூஜ்யத்தைக் கட்டிக் காப்பாத்திக்கிட்டு வர்றேன். ஒரு மாட்டுக்காக விட முடியுங்களா?"

"அய்யா, அது கறக்குற மாடுய்யா!" கேட்டுக்குள்ளிருந்து செங்கமலம் கத்தினாள். "மடி கனத்துப் போய் நிக்குது. தண்ணியாவது காட்டுங்க! கயிறுதானே, பாம்பா? பிடிங்கய்யா! அண்ணே, ஆரோக்கியதாசண்ணே, நீங்களாவது பிடிங்களேன்!"

ஆரோக்கியதாஸ் அரிவாளைத் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. செவலை அவளுடைய கேட்டுக்கு எதிரே வந்து நின்று அவளைப் பார்த்துக் கத்தியது. ஒரு மணி நேரமாகியும் அங்கேயே நின்றது. காம்புகளிலிருந்து பால் தானாகவே சொட்டிப் புழுதியில் விழுந்தது.

"கடந்த ஒரு மணி நேரத்தில் இத்தெருவில் யாருக்கும் பங்கு ஏறவில்லை" என்றது மானி. "பாராட்டுகள்."