கொப்பளிக்கக் கூடாத நாள்

காலையிலேயே கஞ்சிக் கிண்ணம் மேஜைமேல் நங்கென்று விழுந்தது.

"தொட்டுப் பாருங்கண்ணா. ஐஸ் மாதிரி இருக்கு. பல்லு பிடுங்கின வாய்க்குச் சூடா ஒரு வாய் குடுக்கக்கூட மனசு வரலை பாருங்க..." என்றாள் நாத்தனார்.

வயது நாற்பதைத் தொட்டாலும் அந்த வீட்டுக்கு அவள் இன்னும் 'பாப்பா'தான். புருஷனோடு ஒத்துப்போகாமல் தாயிடம் வந்து ஒண்டியிருப்பவள்.

மருமகள் அடுப்படியில் பாத்திரம் தேய்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முந்தாநாள் மாமியாருக்குக் கீழ்ப்பல் மூன்றைப் பிடுங்கியிருந்தார்கள். சூடு ஆகாது, காரம் ஆகாது, உறிஞ்சிக் குடிக்கக் கூடாது, முதல் நாள் வாய் கொப்பளிக்கவே கூடாது என்று பல் டாக்டர் இவளிடம்தான் சொல்லி அனுப்பினார். குழியில் உறைகிற ரத்தம்தான் புண்ணுக்கு மூடி, அது பெயர்ந்தால் எலும்பு வெளியே தெரியும் என்றும் சொன்னார். சொன்னதைச் சொன்னபடி செய்தாள். கிடைத்த பட்டம் கொடுமைக்காரி.

மாமியார் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முனகினாள். வலி காதுவரை ஏறியிருந்தது.

அச்சகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவன் நின்றான். "இன்னைக்கு வலி குறையணும்னுதானே சொன்னாங்க? ஏன் ஏறுது?"

பெண்கள் மூவருக்குமே பதில் தெரியும். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை.

பல் பிடுங்கிய அன்று சாயங்காலம் மருமகள் மாத்திரை வாங்கப் போயிருந்தாள். திரும்பி வந்தால், மாமியார் வாஷ்பேசினில் குனிந்து நிற்கிறாள், பாப்பா முதுகைத் தடவிக்கொண்டே, "நல்லா கொப்பளிம்மா, நாத்தமெல்லாம் போகட்டும்" என்கிறாள். உப்புப் போட்ட வெந்நீர். பேசின் முழுக்கச் சிவப்பு. தாய்மேல் வைத்த ஆசையில் செய்ததுதான், ஆனால் ஆசைக்கு அறிவு இருந்தால்தானே! மருமகளைக் கண்டதும் பாப்பா ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. இன்னொரு தடவை பிரச்னைன்னா வேற இடம் பாத்துக்கோன்னு சொல்லியிருக்காரு... நான் எங்க போவேன்?"

ரத்தம் நின்றுவிட்டது. இனி ஒன்றும் ஆகாது என்று மூவரும் நம்பிக்கொண்டார்கள். எனக்காவது போக ஓர் அண்ணன் வீடு இருக்கிறது, இவளுக்கு இது ஒன்றுதானே என்று மருமகள் வாயை மூடிக்கொண்டாள். அதற்குக் கிடைத்த நன்றிதான் இன்றைய கஞ்சிக் கிண்ணம். பயந்தவள் முந்திக்கொண்டு குறை சொல்கிறாள் என்று மருமகளுக்குப் புரிந்தது. புரிந்தால் மட்டும் வலிக்காமல் இருக்குமா?

வேலைக்குப் போகாமல் கணவன் எல்லோரையும் கூட்டிக்கொண்டு பல் ஆஸ்பத்திரிக்குப் போனான். டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார்.

"குழி காலியா இருக்கு, எலும்பு தெரியுது. அன்னைக்கே யாராவது கொப்பளிக்க வச்சீங்களா?"

கணவன் மனைவி பக்கம் திரும்பினான். தங்கை பக்கம் அவன் பார்வை போகவே இல்லை.

"உன்னை நம்பித்தானே விட்டேன். பெத்த தாயா இருந்தா இப்படிச் செய்வியா?"

நர்ஸ் கையில் பஞ்சோடு பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டர் குழியைக் கழுவி, மருந்து வைத்து, "வலி இனி அடங்கிடும்மா. மெதுவா பேசலாம்" என்றார்.

மாமியார் உதட்டைத் திறந்தாள். மகளைப் பார்த்தாள். உதட்டை மூடிக்கொண்டாள்.

அதை மருமகள் பார்த்துவிட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த அம்மாளுக்குத் தலை பின்னி, கால் பிடித்து, எச்சில் தட்டைக் கழுவியது எல்லாம் அந்த ஒரு கணத்தில் ஒன்றுமில்லாமல் போனது.

"உங்க அண்ணன் வீட்டுக்குக் கிளம்பு. எங்கம்மாவை நான் பாத்துக்கறேன்" என்றான் கணவன், வீட்டுப் படி ஏறும்போது.

அவள் பையில் புடவைகளை வைத்துக்கொண்டிருந்தபோது மாமியார் கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். பின்னால் மகன்.

"அவ இல்லடா..." வார்த்தை குழறியது. "கொப்பளிக்க வச்சது பாப்பா. நீ அவளைத் துரத்திடுவேன்னுதான் இவ சொல்லலை. நானும்... பெத்த பொண்ணு எனக்குப் பெருசாப் போயிட்டா. பாவிடா நான்."

மருமகள் தோளில் சாய்ந்து அழுதாள் கிழவி. பாப்பா ஓடிவந்து அண்ணியின் காலைக் கட்டிக்கொண்டாள். மருமகளும் அழுதாள். கோபப்பட நினைத்தாள், வரவில்லை. உள்ளே வெறும் சோர்வுதான் இருந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றான் கணவன், தலையைக் குனிந்துகொண்டு.

"அத்தைக்குத்தாங்க பேச முடியலை. எனக்கு வாய் நல்லாத்தானே இருக்கு. நீங்க கேக்கவே இல்லையே..."

அவள் மாமியாரைக் கட்டிலில் உட்காரவைத்து, வாயோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

"போகாதம்மா" என்றாள் மாமியார்.

"உடம்பைப் பாத்துக்கோங்க அத்தை." நாத்தனாரிடம் திரும்பினாள். "பாப்பா, சாப்பிட்டதும் வெதுவெதுன்னு உப்புத் தண்ணி குடு. கொப்பளிக்க விடாத. வாயில வச்சிருந்து தலையைச் சாச்சா தானா வழிஞ்சிடும். துப்பவும் கூடாது. நாளன்னைக்கு மருந்து மாத்தணும்."

"நீங்க எப்ப வருவீங்க அண்ணி?"

மருமகள் வெளியே நடந்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, கணவன் காதில் விழும்படியே சொன்னாள்.

"உங்க அண்ணன் உன்னைப் போகச் சொன்னா தெருவுல நிக்காத பாப்பா. நேரா எங்க அண்ணன் வீட்டுக்கு வந்துடு. நான் அங்கதான் இருப்பேன்."