கழலாத மோதிரம்

மூன்று மாதமாகக் கிறிஸ்துதாஸைத் தூங்கவிடாமல் அடித்த வலது கை, அந்த ஞாயிற்றுக்கிழமை வலிக்கவில்லை. அது இல்லாத கை. கம்பெனி பவர் பிரஸ் மணிக்கட்டுக்கு மேலே நறுக்கிப் போட்ட கை. விரலெல்லாம் மடங்கி, நகம் உள்ளங்கையைக் கிழிக்கிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு புரளுகிறவன், பூசை முடிந்து வந்து, கறிச்சோறு தின்றுவிட்டு, பாயில் மல்லாந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

"இன்னாயா, வலிக்கலியா?" என்றாள் ஜெயசீலி.

"இல்ல. யாரோ கையைப் புடிச்சிகினு கீற மாதிரி கீது. மெத்துனு."

சட்டி தேய்த்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது. "யாரு?"

"நல்லா கேட்டே போ. கையே இல்ல, புடிக்கிறவளுக்கு மட்டும் மூஞ்சி தெரியுமா?"

புடிக்கிறவளுக்கு என்றுதான் சொன்னான். அவன் அதைக் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள்.

மேனாம்பேட்டில் மற்ற நாளெல்லாம் தொழிற்பேட்டை எஸ்டேட்டின் இரும்புச் சத்தம் சுவரில் இடித்துக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அது நின்றுவிட்டால், ஆஸ்பெஸ்டாஸ் கூரை வெயிலில் முறுக்கிக்கொள்வது கேட்கும், பானைக்கு அடியில் நீர் சொட்டுவது கேட்கும், பக்கத்தில் படுத்தவன் வயிறு இரைவதுகூடக் கேட்கும். அந்த அமைதியில் எங்கேயோ பலகைமேல் உலோகம் உரசுவதுபோல ஒரு சின்னச் சத்தம் வந்து, அவள் திரும்பியதும் நின்றது. திரும்பிய பக்கத்தில் பெட்டி இருந்தது.

டாக்டர் மனோகரன் கொடுத்த பெட்டி. மூளை ஆராய்ச்சி செய்கிறவர். கை கால் போன தொழிலாளிகளைத் தேடி எஸ்டேட் பக்கம் வந்துபோய்க்கொண்டிருந்தார். மூடியில்லாத பலகைப் பெட்டி, நடுவில் நிறுத்திவைத்த கண்ணாடி. நல்ல கையை இந்தப் பக்கம் விட்டு, மொண்டிக் கையைக் கண்ணாடிக்குப் பின்னால் மறைத்துவிட்டுப் பார்த்தால், போன கை திரும்பி வந்ததுபோலத் தெரியும்.

"கை போனது மூளைக்குத் தெரியாதும்மா. அதுக்குள்ள கையோட இடம் அப்படியே இருக்கு. மூடின கையைத் திறக்க வழி தெரியாமத்தான் வலிக்குது. கண்ணால பார்த்தா நம்பி, விரலை விரிச்சிடும்" என்றார். இடது கை மோதிரத்தையும் கழற்றச் சொன்னார். அதில் இருக்கிற அடையாளம் எதுவும் கண்ணாடியில் தெரியக் கூடாதாம்.

அது ஜெயசீலி கோயிலில் வைத்துப் போட்ட மோதிரம். தினம் கால் மணி நேரம் அதைக் கழற்றி அலமாரிமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தான். அவளுக்கு வயிறு எரிந்தது. ஏனென்றால் வலது கையில் கிடந்தது அவள் போட்டதல்ல. முதல் பெண்சாதி செலின் போட்டது. மஞ்சள் காமாலையில் அவள் செத்து ஆறு வருடம் ஆகியும், உழைத்து உழைத்துத் தடித்த விரலைவிட்டு மோதிரம் இறங்கவில்லை. கல்யாணமான புதிதில் ஒருநாள், அவன் தூங்கும்போது ஜெயசீலி சவக்காரச் சோப்பைக் குழைத்துத் தடவி, திருகித் திருகி இழுத்தாள். முட்டிவரை வந்து நின்றுவிட்டது. அவன் கண் திறந்து பார்த்தான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். கை போன அன்று ஆஸ்பத்திரி வாசலில் அவள் அழுத அழுகையில் ஒரு ஓரம் பொய். மோதிரமும் போச்சு என்று அந்த ஓரம் நினைத்தது.

இப்போது அது எங்கே போச்சு என்று நினைத்தாள்.

கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கொழுந்தன் எட்மண்ட் வேப்பமரத்தடியில் சைக்கிளைக் கவிழ்த்துப்போட்டு செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"எட்மண்டு, அவரு கையை எங்க பொதைச்சே?"

"இன்னா அண்ணி, இப்பப் போயி? நீதானே சொன்னே."

"நானா?"

"ஆஸ்பத்திரில கவரோட குடுத்தாங்க. எங்க வெக்கிறதுன்னு கேட்டேன். உங்க குடும்பக் கல்லறையிலயே வெச்சித் தொலைன்னு கத்துனியே. குழி வெட்டுற தொலுக்கானம்தான் கல்லைப் பேத்துத் தோண்டினான்." அவன் தலையைச் சொறிந்தான். "மேலாக்க அவங்கதானே இருந்தாங்க. செலின் அண்ணி. அவங்க நெஞ்சாண்ட வெச்சோம்."

"மோதிரம்?"

"அது எங்க கழல்றது? அப்டியேதான்."

தன் வாயாலேயே அனுப்பிவைத்திருக்கிறாள். மோதிரம் போட்ட கையை, மோதிரம் போட்டவளிடமே. மடங்கிக் கிடந்தவரை அந்தக் கையை யாரும் பிடிக்க முடியவில்லை. பெட்டி அதை விரித்துக் கொடுத்துவிட்டது.

உள்ளே வந்தபோது அவன் பெட்டிமுன் உட்கார்ந்திருந்தான். கழுத்தை இடதுபக்கம் சாய்த்து, கண்ணாடிக்குள் குனிந்து. அறையில் ஈர மண் வாடை. குடத்தடி வாடையல்ல, தோண்டி எடுத்த மண்ணின் வாடை. அலமாரிமேல் அவள் போட்ட மோதிரம் அசையாமல் இருந்தது.

"போதும், எந்திரியா."

"இரு ஜெயா. இப்பத்தான் நல்லா புடிச்சிகினு கீறா."

அந்தக் குரலில் அவன் அவளிடம் ஒருநாளும் பேசியதில்லை.

அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். பலகையில் இடது கை விரிந்து கிடந்தது, மோதிரம் இல்லாமல். கண்ணாடியில் தெரிந்த கை மடங்கியிருந்தது. எதையோ பொத்திப் பிடித்திருந்தது. அதன் விரலில் பழைய தங்கம்.

ஓடியிருக்கலாம். கால் ஓடத்தான் பார்த்தது. ஆனால் பயத்துக்கு முன்னால் வயிற்றெரிச்சல் வந்துவிட்டது. நாலு வருடமாக ஆக்கிப் போட்டவள் இவள். புண்ணைக் கழுவிக் கட்டியவள் இவள்.

"செத்தவ செத்தவளா இருக்கணும்," என்றாள். "உடுடி அவரை."

வலது கையைக் கண்ணாடிக்குப் பின்னால் விட்டாள். மொண்டிக் கையின் தையல் தழும்பைத் தாண்டி, கை இருக்கவேண்டிய வெறும் இடத்தில் விரலை விரித்தாள்.

கிறிஸ்துதாஸ் நீளமாக மூச்சு விட்டான்.

"உட்டுட்டா," என்றான். முகம் கோணிக்கொண்டது. "வலிக்குது ஜெயா. மறுபடியும் வலிக்குது."



அவள் தன் கையை இழுத்தாள். வரவில்லை.

பெட்டிக்கு மூடியில்லை. வெயில் நேராக உள்ளே விழுந்தது. பலகை தெரிந்தது. அவள் கை தெரிந்தது. வேறு எதுவும் இல்லை.

தோலில் நாலு பள்ளம் விழுந்தது. விரல் விரலாக. சில்லென்று. ஈரமாக.

சவக்கார வாடை வந்தது.

பிறகு அவள் விரலில் இருந்த கல்யாண மோதிரம் அசைந்தது. கொஞ்சம் இந்தப் பக்கம். கொஞ்சம் அந்தப் பக்கம். அவசரமே இல்லாமல், திருகித் திருகி, விரல் நுனியைப் பார்த்து நகர்ந்தது.

முட்டியில் அது நிற்கவில்லை.